ரத்தத்தில் தொற்று: உடம்பைக் கேட்பதா, கிருமியைக் கேட்பதா?

ரத்தத்தில் பாக்டீரியா இருப்பது உறுதியானதும் எழும் கேள்வி, இவர் தேறுவாரா, மோசமாவாரா என்பதுதான். வழக்கமாக நாம் விசாரிப்பது நோயாளியின் உடம்பை: தொற்று வந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி, புரோகால்சிடோனின் என்ற இரண்டு புரதங்களின் அளவை. இரண்டில் புரோகால்சிடோனின் சுறுசுறுப்பானது. சில மணி நேரத்தில் ஏறும். தொற்று அடங்கினால் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகும். ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்க நல்ல துணை. ஆனால் பெரிய அறுவை சிகிச்சைக்கும் தீக்காயத்துக்கும்கூட ஏறிவிடும். சிஆர்பி பற்றிக் கேட்கவே வேண்டாம்; திருடனுக்கும் தபால்காரருக்கும் ஒரே மாதிரி குரைக்கும் நாய். வந்தவர்கள் எத்தனை பேர், கையில் என்ன ஆயுதம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதைக் கிருமியிடமே கேட்கலாம். மலிவான வழி, ரத்தத்தை ஊற்றிக் கிருமியை வளர்க்கும் கல்ச்சர் பாட்டில் இயந்திரத்தில் சிக்னல் தர எடுக்கும் நேரம். கிருமி அதிகமென்றால் அது விடும் கரியமில வாயு சீக்கிரம் சேரும், சிக்னலும் சீக்கிரம் வரும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா 14 மணி நேரத்துக்குள் சிக்னல் தந்தால், இதய வால்விலோ ரத்தக்குழாயிலோ தொற்றின் ஊற்றுக்கண் இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த நேரத்தை இயந்திரம் ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறது. பல இடங்களில் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம். ரத்தம் குறைவாக எடுத்தாலோ, மருந்து முதலில் போய்விட்டாலோ, பாட்டில் மேசையிலேயே தூங்கினாலோ கணக்கு தப்பும்.

ஆரியஸுக்கு ஒரே ஒரு பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எடுப்பது வேறு: சிகிச்சை தொடங்கி 48 முதல் 96 மணி நேரத்தில் எடுக்கும் மறு கல்ச்சர். அப்போதும் கிருமி வளர்ந்தால் வால்விலோ எலும்பிலோ எங்கோ அது குடியேறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். விடை தாமதமாக வரும், சரி. ஆனால் இவ்வளவு தெளிவாக வேறெதுவும் சொல்வதில்லை.

டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வழியாக ரத்தத்தில் உள்ள கிருமியின் டிஎன்ஏ அளவை எண்ணுவது நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்களில் நன்றாக வேலை செய்கிறது. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. மருந்து போட்ட பிறகும் எண்ணலாம் என்பது அதன் பலம். செத்த கிருமியையும் சேர்த்து எண்ணிவிடுவது பலவீனம்.

கிருமியின் மரபணுக்களைப் பார்ப்பதில்தான் வேடிக்கை. நஞ்சு அதிகமுள்ள ஆரியஸ்தான் அதிகம் கொல்லும் என்று நினைப்போம். ஆனால் ஏஜிஆர் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி நஞ்சு குறைந்த வகைகள்தான் நாட்கணக்கில் ரத்தத்தில் தங்குவதோடு தொடர்புபட்டிருக்கின்றன. அதனால் நஞ்சு மரபணுப் பட்டியலை வைத்து ஆரியஸுக்கு ஜோசியம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவில் கதை மாறுகிறது. முன்பு தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டத்தை (காலனி) கம்பியால் இழுத்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் நூல் போல நீண்டால் வீரிய வகை என்பார்கள். ஐயுசிஏ, ஆர்எம்பிஏ போன்ற மரபணுக்கள் அதைவிட நன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன. அவை இருந்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கலாம். இந்த வகை கண்ணுக்கும் பரவக்கூடும்; நோயாளி கண் மங்கலாகிறது என்றால், அன்றைக்கே கண் மருத்துவரை அழைக்க வேண்டும்.