ஆறு நாள் போர் நடந்த தடத்தில் ஒரு நாள்: ஹாங்காங் வழிகாட்டி நடை பற்றிய மதிப்புரை

ஹாங்காங்கில் புதிய பிரதேசங்கள் என்று அழைக்கப்படும் வடபகுதியில், 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 14 முதல் 19 வரை ஆங்கிலேயப் படைக்கும் உள்ளூர்ச் சீனக் கிராமத்தாருக்கும் இடையே நடந்த சண்டையை, அது நடந்த மலைப்பாதையிலேயே அழைத்துச்சென்று விளக்கும் ஒரு நாள் நடையில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். காலை 8 மணிக்குத் தை போ மார்க்கெட் ரயில் நிலையத்தில் தொடங்கி மாலை 5 மணிக்குப் பிங் ஷானில் முடிகிறது. கட்டணம் ஒருவருக்கு 420 ஹாங்காங் டாலர். மதிய உணவு அதில் சேராது. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். இதற்கு மேல் ஆட்களைச் சேர்ப்பதில்லை என்ற அவர்களுடைய விதி நல்ல விதி. மலையேற்றத்தில் யாரும் பின்தங்கிப்போகவில்லை, வழிகாட்டியின் குரலும் எல்லோருக்கும் கேட்டது.

பின்னணியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1898 ஜூன் 9 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, அன்று சீனாவை ஆண்ட சிங் பேரரசு இந்த நிலப்பகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரிட்டனிடம் விட்டது. அங்கே பல நூறு ஆண்டுகளாக உழுது வாழ்ந்துவந்த டாங், மான், லியு, ஹாவ், பாங் குலத்தாரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலம் பறிபோகுமோ, வரி ஏறுமோ, முன்னோர் கல்லறைகள் குலையுமோ என்ற அச்சம் ஊர் ஊராகப் பரவியது. தை போவில் கொடியேற்று விழாவுக்காகவும் காவலர்கள் தங்குவதற்காகவும் குன்றின்மேல் போடப்பட்ட பாய்க் கொட்டகைகள் ஏப்ரல் தொடக்கத்திலேயே தீக்கிரையாயின. ஆளுநர் ஹென்றி பிளேக் ஏப்ரல் 17 என்று குறித்திருந்த கொடியேற்றம், சண்டை மூண்டதால் ஒரு நாள் முன்னதாகவே, 16ஆம் தேதி, படைக்காவலோடு நடந்தது. இவை அனைத்தையும் வழிகாட்டி, 1899இல் கட்டப்பட்ட பழைய தை போ காவல் நிலையத்தின் வாசலில் நின்று, கையில் குறிப்பு ஏதுமில்லாமல் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அவர். எந்தப் பக்கத்தையும் தூக்கிப்பிடிக்காமல், ஆனால் கிராமத்தார் எதற்காக அஞ்சினார்கள் என்பதை அழுத்தமாகவும் பொறுமையாகவும் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்த நடையின் உயிர் லாம் சுன் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. தை போவிலிருந்து 64கே பேருந்தில் சிறிது தூரம் சென்று இறங்கி, கணவாயை நோக்கி ஏறத் தொடங்கினோம். தெற்கே ஹாங்காங்கின் மிக உயரமான மலையான தை மோ ஷான் 957 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. வடக்கே தை டோ யான் என்னும் கூரிய மலைமுகடு. நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் தை போ கடற்கரையிலிருந்து காம் டின் சமவெளிக்குப் போயாக வேண்டும். லாம் சுன்னையும் காம் டின்னையும் இணைப்பதால் இன்றைய தார்ச்சாலைக்கும் லாம் காம் சாலை என்றே பெயர். ஏப்ரல் 17 அன்று தை போவைச் சுற்றிய குன்றுகளிலிருந்து விரட்டப்பட்ட கிராமத்தார், இந்தக் கணவாயின் இருபுறச் சரிவுகளிலும் ஏறி நின்று படையை மறிக்கப் பார்த்தார்கள்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே வழிகாட்டி எங்களை நிறுத்தி, குழுவில் இருந்த இரண்டு இளைஞர்களை மட்டும் ஒற்றையடிப்பாதை வழியாகச் சரிவில் ஏறச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும்படி எங்களிடம் கேட்டார். அவர்களில் ஒருவர் சிவப்புக் கைக்குட்டையை எடுத்து அசைக்கும் வரை எங்களில் ஒருவராலும் முடியவில்லை. கீழே வருகிற படையை மேலே நிற்பவன் ஒவ்வொரு ஆளாக எண்ண முடியும், மேலே இருப்பவனைக் கீழே வருகிறவனால் பார்க்கவே முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் கிராமத்தார் எப்படித் தோற்றார்கள் என்று நான் கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தின் நகலை எடுத்துக் கையில் கொடுத்தார். அதில் மலைகள் மொட்டையாக இருந்தன. இன்று நாம் பார்க்கும் காடு பிற்காலத்தில் வளர்ந்தது. அன்று அந்தச் சரிவுகளில் பெரும்பாலும் வெறும் புல்தான். மறைவே இல்லாத மலையில், இரண்டு பேர் சேர்ந்து தூக்கிச் சுட வேண்டிய பழைய நீளத் துப்பாக்கிகளோடும் சிறு பீரங்கிகளோடும் நின்றவர்களை, தொலைவிலிருந்தே குறிதவறாமல் சுடும் புதுத் துப்பாக்கி ஏந்திய படை பக்கவாட்டில் ஏறி எளிதாகக் கலைத்துவிட்டது. உயரம் ஒன்று மட்டுமே அரணாகிவிடாது என்பது அந்த இடத்தில் நின்றபோது எனக்கு நெஞ்சில் அறைந்தாற்போல் புரிந்தது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு மணி நேரத்துக்காகவே 420 டாலர் கொடுக்கலாம்.

அந்தப் படையில் இருந்தவர்கள் யார் என்பதை வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் கடந்துபோனதுதான் எனக்கு முதல் குறை. முன்னணியில் சண்டையிட்டது ஹாங்காங் ரெஜிமென்ட். பஞ்சாபிலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் சேர்க்கப்பட்ட இந்திய முஸ்லிம் வீரர்களும், அவர்களுக்குமேல் ஆங்கிலேய அதிகாரிகளும் கொண்ட படை அது. தன் ஊரையும் வேறொருவன் ஆள, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள், தங்களைப்போலவே நிலத்தை நம்பி வாழ்ந்த உழவர்களைச் சுட நேர்ந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து இந்நகரில் வேலை செய்து வாழும் எனக்கு இந்தச் செய்தி கனமானது. நான் கேட்டபின் அவர் மேலும் சில விவரங்கள் சொன்னார்; கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் ஷியுங் சுன். ஏப்ரல் 18 அன்று பிற்பகல் சுமார் 2,600 பேர் திரண்டு வந்து படையைத் தாக்கிச் சிதறிப்போன வெளி இதுதான். இன்று அங்கே வீடுகளும் கார் நிறுத்துமிடங்களும் இருப்பதால் பார்க்க அதிகம் இல்லை, வழிகாட்டியும் விரைவாக நடத்திக்கொண்டு போய்விட்டார். ஆனால் உயிரிழப்பு பற்றிய பேச்சை இங்கேதான் எடுத்தார். ஆங்கிலேயர் தரப்பில் ஒருவரும் இறக்கவில்லை, காயமுற்றவர் இருவர். கிராமத்தார் தரப்பில் ஏறத்தாழ 500 பேர் இறந்திருக்கலாம் என்பது பின்னாளைய ஆய்வின் மதிப்பீடு. இதைச் சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். நாங்களும் நின்றோம்.

காம் டின்னில் உள்ள காட் ஹிங் வாய் என்னும் மதில் ஊர்தான் பெரும்பாலானவர்கள் இந்த நடைக்கு வருவதற்குக் காரணம். ஏப்ரல் 19 அன்று படையினர் இவ்வூரின் இரும்புக் கதவுகளைப் பெயர்த்தெடுத்தனர். பக்கத்து ஊரான தை ஹாங் வாயின் கதவுகளுக்கும் அதே கதி. பிளேக் அவற்றை அயர்லாந்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். டாங் குலத்தார் விடாமல் கேட்டதன் பயனாக 1925இல் கதவுகள் திரும்பி வந்தன. வந்தவை இரண்டு, ஒன்று இவ்வூருடையது, மற்றொன்று பக்கத்து ஊருடையது. இரண்டும் இப்போது இந்த ஒரே வாயிலில் மாட்டப்பட்டிருக்கின்றன. அருகில் போய்ப் பாருங்கள். பலகைக் கதவு அல்ல. ஒன்றோடொன்று கோத்த தடித்த இரும்பு வளையங்களால் பின்னிய கதவு. கையால் தொட்டேன். குளிர்ந்திருந்தது; வளையங்கள் உரசும் இடங்கள் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் நுழைவிடத்தில் உண்டியலில் சில டாலர் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் செல்வதே முறை. எங்கள் வழிகாட்டி இதை முன்கூட்டியே சொல்லி, கதவுக்கு முன்னால் மட்டும் படம் எடுக்கச் சொன்னது பாராட்டத்தக்கது.

இரண்டாவது குறைதான் பெரியது. மதிய உணவுக்குக் காம் டின்னில் ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டதால், பிங் ஷானில் டாங் குலக் காட்சியகத்தை மட்டும் அவசரமாகப் பார்த்துவிட்டு நடையை முடித்துவிட்டார்கள். அந்தக் காட்சியகம் இருப்பதும் பழைய காவல் நிலையத்தில்தான்; போர் முடிந்த கையோடு, ஊரைக் கண்காணிப்பதற்காகவே குன்றின்மேல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில் இன்று அந்தக் குலத்தின் வரலாறே வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும்தான். ஆனால் அதற்கு நடைதூரத்தில் டாட் டாக் பொதுமண்டபம் இருக்கிறது. எதிர்த்து நிற்பது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிய இடம் அது. இறந்தவர்களை நினைவுகூரும் வீரர் சன்னதியும், அவர்களுடைய பெயர்கள் செதுக்கிய கல்லும் அங்கேதான் உள்ளன. காலையிலிருந்து நாம் எண்ணிக்கையாக மட்டும் கேட்டுவந்தவர்களுக்குப் பெயர் கிடைக்கும் இடத்தைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. உணவு நேரத்தை அரை மணியாகக் குறைத்தாலே போதும். நடத்துபவர்களுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நடை முடிந்ததும் நான் மட்டும் அங்கே சென்றேன். சீன எழுத்து எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் டாங் என்ற குடும்பப்பெயர் எழுத்தைக் காலையில் வழிகாட்டி என் குறிப்பேட்டில் எழுதிக் காட்டியிருந்தார். அதை வைத்துக்கொண்டு கல்லில் ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன். வரிசை வரிசையாக அதே எழுத்து வந்துகொண்டிருந்தது. நீங்கள் போனால் காலையிலேயே உங்கள் வழிகாட்டியிடம் அந்த எழுத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; தின் ஷுயி வாய் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் முன் ஒரு மணி நேரத்தை மண்டபத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள்.