தேதியிடாத நோட்டு: நாட்குறிப்பைத் தொடங்குவோருக்கு
நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தைத் தொடங்க எண்ணி, நாகர்கோவில் வடசேரியில் ஒரு சிறு கடையில் இந்தக் கோடிட்ட ஏ5 நோட்டை வாங்கினேன். 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமும் கொண்ட பக்கம் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடுவதால், எழுதி முடித்த நிறைவு அன்றாடம் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, இதில் தேதி அச்சிடப்படாததுதான். தேதியிட்ட டைரியில் விடுபட்ட நாள்கள் வெற்றுப் பக்கங்களாக நின்று மனத்தைச் சோர்வடையச் செய்யும், இதிலோ விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். தையல் கட்டு என்பதால் மேசையில் நன்றாக விரிந்து கிடக்கிறது. தாள்தான் குறை: மைப்பேனாவின் எழுத்து மறுபக்கம் தெரிகிறது, தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் நமுத்த தாளில் மை மேலும் பரவுகிறது. இதற்குப் பால்பாயிண்ட் பேனாவே பொருத்தம்.