125 டூ-ஸ்ட்ரோக்கா, 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கா: கழற்றி மாட்டப் போவது யார்?

மண்ணில் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்று முடிவான பிறகும் மாதக்கணக்கில் இரண்டுக்கும் நடுவே அல்லாடினேன். ஒரு பக்கம் யமஹா ஒய்இசட்125, இன்னொரு பக்கம் அதன் ஃபோர்-ஸ்ட்ரோக் பங்காளி ஒய்இசட்250எஃப். கடைசியில் வாங்கியது சின்னதை. அதனால் கீழே எழுதியிருப்பதில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சிசியில் பாதியாக இருப்பது எப்படிப் போட்டி என்று தோன்றலாம். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அமெரிக்க மோட்டார்சைக்கிள் ஓட்டிகள் சங்கமான ஏஎம்ஏ நடத்தும் பந்தயங்களிலும் 125 டூ-ஸ்ட்ரோக்கோடு 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கை ஒரே பிரிவில் ஓட விட்டார்கள். 2001இல் ஒய்இசட்250எஃப் வந்த சில வருடங்களிலேயே அந்தப் பிரிவு கைமாறிவிட்டது. ஹோண்டா 2007 மாடலோடு சிஆர்125-ஐ நிறுத்திக்கொண்டது. 1974இல் தொடங்கிய ஒய்இசட்125-ஓ இன்னும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது.

வேகம், எடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியதில் இழுவை அதிகம், மேட்டில் தவறான கியரில் இருந்தாலும் மன்னித்துவிடும், பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும். சின்னது உதைத்தால்தான் கிளம்பும். 2022 மாடலில் இருந்து பெட்ரோலோடு சேர்த்து சுமார் 95 கிலோ. பெரியது 106. இந்தப் பதினொரு கிலோ காகிதத்தில் அற்பம். சேற்றில் விழுந்த வண்டியை நாலாவது தடவை தூக்கும்போது அற்பமாகத் தெரியாது.

ஓட்டும் சுபாவம்தான் சுத்தமாக வேறு. 125இல் எக்ஸாஸ்ட் பைப்பின் வயிறு பருத்திருப்பது அழகுக்கு அல்ல. வெளியே போன அழுத்த அலை பைப்பின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பி, தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். ஆனால் அந்தக் கணக்கு என்ஜினின் குறிப்பிட்ட சுழல் வேகத்தில்தான் சரியாகப் பொருந்தும். அதற்குக் கீழே வண்டி சோம்பல், மேலே போனால் கயிற்றை அறுத்துக்கொண்ட கன்று. எக்ஸாஸ்ட் துவாரத்தின் உயரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் பவர் வால்வு இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது, முழுதாக அல்ல. இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சில் இருக்க வேண்டும்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இது எதுவும் இல்லை. என்ஜின் தேயும்போது யார் அதைப் பிரிப்பது என்பதுதான்.

125இல் பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க், இவ்வளவுதான் முக்கியமாக அசைபவை. மேலே வால்வு இல்லை, அதைத் திறந்து மூடும் கேம் இல்லை, கேமைச் சுழற்றும் செயின் இல்லை. கூலன்ட்டை வடித்து, டேங்க்கையும் பைப்பையும் கழற்றி, ஹெட்டை எடுத்து, சிலிண்டரை மேலே உருவினால் பிஸ்டன் கண்ணெதிரே நிற்கும். முதலில் கிராங்க் உட்கார்ந்திருக்கும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் வாயில் சுத்தமான துணியைத் திணிக்க வேண்டும். நான் முதல் தடவை கழற்றியபோது பிஸ்டனை ராடோடு சேர்க்கும் பின்னைப் பிடித்திருக்கும் வட்டக் கிளிப் துள்ளி அந்தத் துணியில்தான் விழுந்தது. துணி இல்லையென்றால் அன்றைக்கே அடி என்ஜினையும் பிரித்திருப்பேன். அப்புறம் பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும், ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டன் பள்ளத்தில் இருக்கும் குட்டி ஊசியின் இருபுறமும் உட்கார வேண்டும், கிளிப் புதிதாக இருக்க வேண்டும். முதல் தடவை முழு நாள் போனது. இப்போது அரை நாள். சுமார் 30 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

250எஃப்-இல் இதே வேலைக்குக் கேம் ஷாஃப்ட்டை எடுத்து, செயினின் டைமிங் குறிகளைத் திரும்பச் சேர்த்து வைக்க வேண்டும். நடுநடுவே வால்வு இடைவெளியை அளந்து, அதைச் சரிசெய்யும் சின்னத் தகடான ஷிம்மை மாற்றும் வேலை வேறு. டைட்டானியம் வால்வு எடை குறைவு, ஆனால் தேயத் தொடங்கினால் இடைவெளி இறுகிக்கொண்டே போகும். ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிப்பதுதான் முதல் அறிகுறி. தெரிந்தவர் ஒருவர் பழைய 250 ஒன்றை வாங்கி, பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். வால்வு உடைந்து பிஸ்டனில் விழுந்தபோது ஹெட், சிலிண்டர், பிஸ்டன் மூன்றும் சேர்ந்தே போயின. ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவர் கையில் அதே வண்டி என்னுடையதைவிட அதிக மணி நேரம் பிரிக்காமல் ஓடும், அதையும் மறைக்கக் கூடாது.

டூ-ஸ்ட்ரோக்குக்கும் தினசரித் தொல்லை உண்டு. ஆயிலை அளந்து பெட்ரோலில் கலக்க வேண்டும். உயரமும் வெப்பமும் மாறினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டும் மாற வேண்டும், இல்லாவிட்டால் பிளக் கறுக்கும். பையில் எப்போதும் ஒரு பிளக் வைத்திருக்கிறேன். கேடிஎம் 125 எஸ்எக்ஸ் 2023இலேயே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கும் பட்டன் ஸ்டார்ட்டுக்கும் போய்விட்டது. அதை ஒரு மதியம்தான் ஓட்டினேன். ஜெட் தலைவலி இல்லை, கீழ் வேகத்தில் இன்னும் சீராக இருந்தது. சென்சார் மக்கர் பண்ணினால் காட்டு நடுவில் என்ன செய்வது என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

கிராங்க் பேரிங் மாற்றும் கட்டத்துக்கும் நான் இன்னும் வரவில்லை. அதற்கு என்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும், பிரஸ் வேண்டும். அது வரும்போது இந்த அரை நாள் பெருமையில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.