கறளா, பிசினா? பழைய ஸ்மோக்கரின் இறுகிய பாகங்களைக் கழற்றும் ஐந்து வழிகள்

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கடற்காற்று படும் மொட்டைமாடியில் ஓரிரண்டு மழைக்காலம் மூடாமல் கிடந்த ஸ்மோக்கர், அதாவது இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் இரும்புப் பெட்டி, கைக்கு வந்தால், எல்லாரும் முதலில் எடுப்பது டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே டின்னைத்தான். அடித்து ஐந்து நிமிடத்தில் ஸ்பனரைப் போட்டு முறுக்கினால், பெரும்பாலும் போல்ட்டின் தலைதான் கையோடு வரும். எண்ணெய், சூடு, அமிலம், மின்சாரம், கிரைண்டர் என்று வழி ஐந்து உண்டு. எதை எடுப்பது என்பது, அங்கே இறுகியிருப்பது என்ன என்பதைப் பொறுத்தது.

ஸ்மோக்கரில் இறுகுவதெல்லாம் கறள் இல்லை. ஒரு ஆணியால் சுரண்டிப் பாருங்கள். செம்மண் மாதிரித் தூள் உதிர்ந்தால் கறள். கறுப்பாக மினுங்கிக்கொண்டு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தால், அது இறைச்சிக் கொழுப்பும் புகைத்தாரும் சேர்ந்து வெந்து இறுகிய பிசின். புகைபோக்கித் தகடும் மூடியின் பிணைச்சலும் பெரும்பாலும் பிசினில்தான் ஒட்டியிருக்கும். சில்லு அச்சு, கால் போல்ட்டுகள், சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் கரி எரியும் பெட்டியின் அடிப்பகுதி ஆகியவற்றில் கறள்.

பிசினுக்கு எண்ணெய் அடிப்பது வீண். வெந்து இறுகிய கொழுப்பை அது கரைக்காது, அமிலமும் கரைக்காது. இந்த ஐந்தில் அங்கே சூடுதான் சரி. காஸ் டோர்ச்சால் பிணைச்சலின் வெளிக்குழாயைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால், முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு பிசின் கருகிச் சாம்பலாகும். சூடு ஆறுவதற்குள் குறடால் ஊசியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். ஆறவிட்டால் மிச்சப் பிசின் திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

கறளிலும் சூட்டுக்கு வேலை உண்டு. இரும்பு கறளாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி. சூடாக்க வேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. 10 மி.மீ. துளையுள்ள நட்டின் சூட்டை 300 பாகை செல்சியஸ் உயர்த்தினால் துளை ஏறத்தாழ 0.036 மி.மீ. விரியும். பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் கறளின் பிடி உடைய அது போதும். இந்த நேரத்தில் மெழுகுதிரியை மரையில் தொட்டால், உருகிய மெழுகு இடுக்குக்குள் தானாக இழுபடும். டோர்ச்சும் மெழுகும் சேர்ந்தால், விலைகூடிய ஸ்பிரேக்கள் பல தோற்கும் என்பதே எங்கள் கணிப்பு.

சூட்டுக்கு எல்லையும் உண்டு. வார்ப்பிரும்புத் தட்டை ஒரே இடத்தில் சூடாக்கினாலோ, சூட்டோடு தண்ணீர் ஊற்றினாலோ விரிசல் விடும். நாகம் (சிங்க்) பூசிய போல்ட்டைச் சிவக்கச் சூடாக்கினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சல் கொடுக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் டோர்ச்சைக் காட்டவே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம்.

எண்ணெய் வெல்லுவது கறள் மட்டும் உள்ள இடத்தில், அதுவும் பொறுமையோடு. டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டச் செய்த கலவை. இறுகியதைக் கழற்றுவதில் அது சுமார்தான். ஓட்டோமற்றிக் கியருக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஒயிலையும் அசிட்டோனையும் சம பங்காகக் கலந்தால் நன்றாக ஊடுருவும். கொழும்பில் ஒயில் வாங்கப் பஞ்சிகாவத்தை, அசிட்டோன் வாங்கப் பழைய சோனகத் தெரு. இரண்டும் பிரிந்து நிற்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். காலையும் மாலையும் சில துளி விட்டு, சின்னச் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் பத்துப் பதினைந்து தட்டு. தட்டும் அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். ஒரு நாள் கழித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து, பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் திரும்பி வந்து, மீண்டும் எண்ணெய். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதே இடத்தில் டோர்ச் வேண்டுமானால், முழுதாகத் துடைத்துக் காயவிட்ட பிறகு, வேறொரு நாளில். பழைய என்ஜின் ஒயிலை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இது சாப்பாடு சமைக்கும் பெட்டி.

கழன்று வந்த சின்னப் பாகங்களுக்கு அமிலக் குளியல். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம், ஓர் இரவு. தென்னை வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக, வீடு முழுக்க மணத்தோடு. எடுத்ததும் அப்பச்சோடா கரைசலில் கழுவி உடனே காயவைத்து எண்ணெய் பூசாவிட்டால், கொழும்பு ஈரக்காற்றில் கொஞ்ச நேரத்திலேயே செம்மை படரும். ஸ்பிரிங்கை நெடுநேரம் ஊறவிடாதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

வார்ப்பிரும்புக் கிறில் தட்டுக்கு, சோடாத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் கறளை அகற்றும் மின்பகுப்பு அமிலத்தைவிட நல்லது. நல்ல இரும்பை அது தின்னாது. நான்கு லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பற்றரி சார்ஜர், தட்டுக்கு நெகட்டிவ், பலிகொடுக்கும் சாதாரண இரும்புத் துண்டுக்குப் பொசிட்டிவ். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் இறங்கும். ஐதரசன் கிளம்பும், ஆகவே திறந்தவெளி. புதிய வகைச் சார்ஜர்கள் பற்றரி இல்லாமல் பாய்ச்ச மறுக்கும். பழைய கனத்த ட்ரான்ஸ்ஃபோர்மர் வகை வேண்டும்.

இத்தனையும் கழற்றித் திரும்பப் பாவிக்க வேண்டிய பாகத்துக்கு. 6 மி.மீ. போல்ட்டுக்காக மூன்று நாள் எண்ணெய் விடுவது அறியாமை. கிரைண்டரால் அறுத்தால் இரண்டு நிமிடம், புதியது சில்லறைக் காசு. தலை முறிந்து தண்டு உள்ளே நின்றால், அதைத் துளையிட்டுத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை நம்பாதீர்கள். அது கடினமான உருக்கு, உள்ளேயே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட்டும் ஏறாது. கராஜில் தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் பிடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டிலேயே கறள் பிடி விடும், அந்த நட்டைப் பிடித்துத் திருப்பலாம்.

திரும்பப் பூட்டும்போது 316 ஸ்டெயின்லெஸ். கடற்கரைப் பக்கம் 304 ஐவிட அது தாங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வறட்டு மரையில் ஏற்றினால் தானே கடித்து இறுகும், ஆகவே மரையில், அது இறுகாமல் காக்கும் உணவுத் தர அன்ரிசீஸ் பசை. பிறகு வெறும் ஸ்மோக்கரில் கரி போட்டு, 200 பாகை செல்சியஸுக்கு மேல் இரண்டு மணித்தியாலம் எரியவிட வேண்டும். எண்ணெய் மணம் முற்றாகப் போன பிறகுதான் இறைச்சி உள்ளே போகலாம்.