முதுகு ப்ளோயர்: செட்டிநாட்டுத் தைலக்காட்டில் தீயணைக்க எவ்வளவு உதவும்?

மாசி பிறந்தால் காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் காட்டுத்தீக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்த புல் தை கடைசிக்குள் காய்ந்துவிடும். தைல மரம் உதிர்த்த இலையும் உரித்துப் போட்ட பட்டையும் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். பச்சைக் குழையை ஒடித்து அடித்து அணைத்துவந்த காவலர்கள் இப்போது பெட்ரோலில் ஓடும், முதுகில் மாட்டிக்கொண்டு குழாயால் காற்றை ஊதும் முதுகு ப்ளோயரைக் கேட்கிறார்கள். வாங்க நினைக்கும் கிராம வனக் குழுக்களுக்கும் முந்திரித் தோப்புக்காரர்களுக்கும் எங்கள் கருத்து இது: சருகுத் தீக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. புல் தீக்கு இதை மட்டும் நம்பி ஆளை இறக்கக் கூடாது.

வாங்கினால் 60 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ளதை வாங்குங்கள். கையில் பிடிக்கும் 25 சிசி வகை வாசல் கூட்டத்தான் ஆகும். பெரிய வகை காலியாக 10 கிலோ இருக்கும், டேங்க் நிரப்பினால் பதினொன்றைத் தாண்டும். குழாய் வாயில் காற்று நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் வரும். முழு வேகத்தில் ஒரு டேங்க் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும்.

செம்பராங்கல் தரையில் இதன் வேலையைப் பார்க்க வேண்டும். மண் கெட்டி, சருகு லேசு. ஒருவர் நடக்கும் வேகத்திலேயே ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தரை துடைத்தது மாதிரி ஆகிவிடும். அதே வேலைக்கு வாரும் முள்கரண்டியோடு நான்கு பேர் வேண்டும். தீத்தடுப்புக் கோடு போடும்போது சருகைத் தீ வரும் பக்கம் குவிக்காமல் வெளிப்பக்கம் பரப்பி ஊத வேண்டும். உள்பக்கம் குவித்தால் அந்தக் குவியலே கோட்டருகில் பெரிதாக எரிந்து பொறியை வெளியே தள்ளும். தைலக்காட்டில் ஒன்றரை மீட்டர் போதாது, மூன்று மீட்டராவது விடுங்கள். எரியும் பட்டைத் துண்டு காற்றில் மிதந்து கோட்டைத் தாண்டிவிடும். தைல மரம் இலை கொட்டுவதை நிறுத்தாது என்பதால், தையில் போட்ட கோட்டை இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி ஊத வேண்டும்.

எரிகிற தீயை நேரடியாக அணைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தீ ஓடும் தலைக்கு எதிரே போய் நிற்கக் கூடாது. ஏற்கெனவே கருகிய வால் பக்கம் தொடங்கி, தீயின் விலாவை, அதாவது பக்கவாட்டை, ஒட்டி முன்னேறுங்கள். ஓரடி வைத்தால் கருகிய தரைக்குள் போய்விடலாம் என்கிற தூரத்திலேயே எப்போதும் இருங்கள். குழாய் வாய் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள், சாய்வாக, சுடரின் அடியைப் பார்த்து, காற்று கருகிய பக்கம் போகும்படி இருக்க வேண்டும். சுடரின் உச்சியை ஊதுவதால் பயனில்லை. அரை வேகத்தில் ஊதினால் கொல்லன் துருத்தி மாதிரி தீயை வளர்த்துவிடும். தள்ளி நின்று முழு வேகம் கொடுத்துவிட்டுப் பிறகு நெருங்குங்கள். வேகத்தைக் குறைக்கும் முன் குழாயைத் தீயை விட்டுத் திருப்புங்கள். சுடர் முழங்காலுக்கு மேல் எழுந்தால் நேரடி வேலையை விட்டுவிட்டுப் பின்வாங்கிக் கோடு போடுவதே சரி.

புல்லில் கதை வேறு. ஊசிப்புல்லும் கண்மாய்க் கோரையும் வேர் பிடித்து நிற்பவை, காற்றுக்கு நகராது. சுடர் அணைந்ததுபோல் தெரியும், அடித்தாளில் கங்கு இருக்கும், ஆள் கடந்து போனதும் பின்னால் மறுபடி பிடிக்கும். அங்கே அரிவாளாலோ பிரஷ் கட்டராலோ முதலில் அறுத்துவிட்டு, அறுத்ததை மட்டும் ஊதலாம். இன்னொரு தொல்லை காய்ந்த மாட்டுச் சாணம். மேய்ச்சல் காட்டில் இது எங்கும் கிடக்கும். வெளியே சாம்பல் பூத்து அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே மணிக்கணக்கில் கனலும். ப்ளோயர் அதை உருட்டி இன்னும் எரியாத பக்கம் கொண்டுபோய் விடும். வெட்டிய தைல மரத்தின் அடிக்கட்டையும் சாய்ந்து கிடக்கும் பனையும் இப்படித்தான். இவற்றுக்குக் காற்று உதவாது. மருந்தடிக்கும் 16 லிட்டர் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி, மண்வெட்டியால் கிளறி, மண்ணும் நீரும் கலந்து பிசைந்து, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லையென்று பார்த்தபின்தான் நகர வேண்டும்.

மலைச்சரிவில் இதைச் சுமந்து ஏற வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சரிவு 10 பாகை கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் மாட்டிக்கொண்டது இப்படிப்பட்ட புல் சரிவில்தான். பிரான்மலை போன்ற இடங்களில் தீக்கு மேற்புறம் ஆளே இருக்கக் கூடாது, முதுகில் 11 கிலோவோடு நிற்பவர் இருக்கவே கூடாது.

கருவியின் மிகப் பெரிய ஆபத்து சத்தம். காதருகே 100 டெசிபல் அளவுக்கு வரும். காதடைப்பு இல்லாமல் இயக்கினால் செவி கெடும். போட்டுக்கொண்டால் “ஓடு” என்று கத்தினாலும் கேட்காது. அதனால் ப்ளோயர்க்காரர் தனியாக வேலை செய்யவே கூடாது. அவருக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் ஒருவர், தீயையும் காற்றையும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தோளில் ஒருமுறை தட்டினால் நில், இரண்டுமுறை தட்டினால் கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். பட்டைக் கொக்கி ஒரே இழுப்பில் கழல்கிறதா என்பதைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். கழலாத பட்டையுள்ள கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அமெரிக்கக் காட்டுத்தீ வீரர் பால் கிளீசன் 1991இல் நான்கு விதிகளை ஒன்றாக வைத்தார்: கண்காணிக்க ஒருவர், தடையில்லாத தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். நம் பக்கம் பாதுகாப்பான இடமாக நீர் வற்றிய கண்மாயை நினைப்பார்கள். உள்ளே கோரையும் சீமைக் கருவேலமும் இருந்தால் அது ஆளைச் சிக்கவைக்கும் கண்ணி. கருகி ஆறிய தரை, உழுத வயல், அகலமான மண்சாலை, இவைதான் சரி. கருவேலங்காட்டு வழியே தப்பலாம் என்று யாரையும் நம்பவைக்காதீர்கள், முள்ளில் ஓட முடியாது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் காற்றின் திசை திரும்பும், அமைதியாக இருந்த விலாவே தலையாகிவிடும். வண்டியை வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்துங்கள்.

உடுப்பு தனிச் செலவு, அதைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், தோல் பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ரப்பர் செருப்போடு காவலரை அனுப்புவது குற்றம் என்றே சொல்வோம். முகத்தில் கட்டும் துண்டு சாம்பலைத் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. தலைவலியும் குமட்டலும் வந்தால் புகையை விட்டு வெளியே வர வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொடுங்கள்.

பராமரிப்பில் முதல் எதிரி எரிபொருள். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக் இன்ஜின்) ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும், கூடினால் பிளக் கரிபிடிக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்து கார்புரேட்டர் டயஃப்ரத்தையும் குழாயையும் கெடுக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். கலவையைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், தாகத்தில் யாராவது குடித்துவிடுவார்கள். சூடான இன்ஜினில் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் ஆறவிட்டு, வெறும் தரையில் ஊற்றி, பத்தடி தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

செம்மண் புழுதியும் சாம்பலும் ஏர் ஃபில்டரை ஒரே நாளில் அடைக்கும். தினமும் தட்டிச் சுத்தம் செய்து, மாற்று ஃபில்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். சைலன்சருக்குள் பொறித்தடுப்பு வலை இருக்கும். கரி படிந்தால் இன்ஜின் இழுக்காது. மெக்கானிக் சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு “இப்ப நல்லா இழுக்குது பாருங்க” என்பார்கள். வலையில்லாத கருவி சருகுக்காட்டில் தானே தீ வைக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். வாங்கும் நாளிலேயே பிளக், டயஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர் கயிறு, ஃபில்டர் ஆகிய நான்கும் அந்தக் கடையில் இருப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். “சொல்லிவிட்டால் வரும்” என்ற பதில் வந்தால் வேறு கடை பாருங்கள், ஏனென்றால் அந்த உதிரிபாகம் தேவைப்படுவது பங்குனியில்தான்.