விளம்பரப் பயிற்சிக்கு 25,000 கட்டினேன், கற்றுக்கொடுத்தது மூடப்பட்ட கருவியை

இணைய விளம்பரமும் இணையதளப் பார்வையாளர் கணக்கும் கற்கப் பணம் கட்டப்போகிறவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற இறுதிப் பதில் இன்று காலைதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். போனது 25,000.

முழுக்க இணையவழியில் நடக்கும் பயிற்சி நிறுவனம் அது. வங்கியில் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

முதலில் இலவச அறிமுக வகுப்பு. பயிற்றுநர் ஓர் இணையதளத்தின் நேரலை அறிக்கையைத் திரையில் திறந்து காட்டினார். அந்த நிமிடத்தில் தளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள், தேடுபொறி வழியாக வந்தார்களா, விளம்பரத்தைக் கிளிக் செய்து வந்தார்களா என்று எல்லாம் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தது. ஒரே ஆள் கைப்பேசியிலும் கணினியிலும் வந்தால் எப்படி எண்ணப்படுவார் என்று கேட்டேன். வந்தவரை அடையாளம் காண உலாவியில் சேமிக்கப்படும் சிறு கோப்பான குக்கீ ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனி, உள்நுழைவு மூலம் அடையாளம் காண வழியில்லாவிட்டால் அவர் இரண்டு பேராகத்தான் தெரிவார் என்று பொறுமையாக விளக்கினார். சரியான பதில். விஷயம் தெரிந்தவரிடம்தான் கற்கப்போகிறோம் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது. இன்று இரவுக்குள் கட்டினால்தான் இந்தக் கட்டணம் என்றார்கள். நேரடி வகுப்புகள், செய்முறைக்கு உண்மையான விளம்பரம் ஒன்று, அதற்கான செலவும் உள்ளடக்கம் என்றார்கள். 25,000 கட்டினேன்.

அதன்பிறகு அந்தப் பயிற்றுநரை நான் பார்க்கவே இல்லை. மீன் பிடிக்கப் புழுவைக் கோப்பதுபோல அவரை அறிமுக வகுப்புக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவை யாரோ எப்போதோ பதிவு செய்த காணொளிகள்.

அவற்றில் என்ன இருந்தது தெரியுமா? யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்! இணையதளப் பார்வையாளர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியின் பழைய பதிப்பு அது, 2023 ஜூலை 1-இல் புதிய தரவைச் சேர்ப்பதைக் கூகுள் நிறுத்திவிட்டது. 2024 ஜூலையில் பழைய அறிக்கைகளைத் திறந்து பார்க்கும் வழியும் மூடப்பட்டுவிட்டது. அதில் 'வியூ', அதாவது தளத்தின் தரவை வடிகட்டிப் பார்க்கும் தனிப் பிரிவு, உருவாக்குங்கள் என்கிறது காணொளி. இப்போது புழக்கத்தில் இருக்கும் புதிய பதிப்பான ஜிஏ4-இல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) 'வியூ' என்ற ஒன்றே இல்லை. யுஏ (UA) என்று தொடங்கும், பழைய பதிப்பு தரும் அளவீட்டு எண்ணை எடுத்து உங்கள் தளத்தில் பொருத்துங்கள் என்கிறது. அப்படி ஓர் எண் எனக்கு எங்கிருந்து கிடைக்கும்? நான் எதையோ தவறாகச் செய்கிறேன் என்று நினைத்து ஒவ்வொரு பொத்தானாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரைதான் பழையது, பாடம் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பவுன்ஸ் ரேட்டை, அதாவது வந்தவுடன் ஈடுபாடில்லாமல் வெளியேறியதாக எண்ணப்படும் வருகைகளின் சதவீதத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில், ஒருவர் ஒரு பக்கத்தை ஐந்து நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு வேறு எதையும் தொடாமல் வெளியேறினால் அதுவும் பவுன்ஸ்தான். ஜிஏ4-இல் பத்து விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களைப் பார்த்தாலோ, படிவம் நிரப்புவது போல நாம் குறித்துவைத்த முக்கிய நிகழ்வு ஒன்று பதிவானாலோ அது ஈடுபாடுள்ள வருகை. அப்படி அமையாதவை மட்டுமே பவுன்ஸ். இரண்டு எண்களும் ஒன்றல்ல. தேர்வில் புதிய விளக்கத்தை எழுதினேன், தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். விளம்பரப் பாடமும் அப்படியே. எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்லான கீவேர்டுக்கு முன்னால் கூட்டல் குறி போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த முறை 2021-லேயே கைவிடப்பட்டது.

செய்முறை விளம்பரத்தைப் பற்றிக் கேட்டேன். ஓடி முடிந்துவிட்டது என்று ஒரு படம் அனுப்பினார்கள். அதில் கிளிக் எண்ணிக்கை மட்டும் இருந்தது. கிளிக் செய்தவர்கள் அதன்பின் படிவத்தை நிரப்பினார்களா, ஏதாவது வாங்கினார்களா என்று பதிவு செய்யும் டேக் என்ற சிறு நிரல் துண்டு என் தளத்தில் பொருத்தப்படவே இல்லை. விளம்பரக் கணக்கைப் பார்க்க அனுமதி கேட்டால், அது நிறுவனத்தின் கணக்கு, மாணவர்களுக்குத் திறந்துவிட முடியாது என்றார்கள். விளம்பரம் உண்மையிலேயே ஓடியதா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. "அடிப்படை மாறாது, பழையதைக் கற்றால் புதியது தானாக வரும்" என்றார் ஆதரவுப் பிரிவில் ஒருவர். அடுத்தவர், புதிய காணொளிகள் அடுத்த குழுவுக்குத்தான், வேண்டுமென்றால் சலுகைக் கட்டணத்தில் மறுபடி சேருங்கள் என்றார். 25,000 வாங்கியவர்கள் மேலும் பணம் கேட்கிறார்கள்! திருப்பித் தாருங்கள் என்றதும், பாடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பார்த்துவிட்டால் பணம் கிடையாது என்ற விதியை எடுத்து நீட்டினார்கள். பாடம் பழையது என்று பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? இதையே மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதில் வரவில்லை, குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கற்கும் ஆசையோடு வருகிறவர்களை இப்படி நடத்த எப்படி மனம் வருகிறது?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. கட்டும் முன் நடுப்பாடம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அளவீட்டு எண் யுஏ என்று தொடங்கினால் உடனே விலகிவிடுங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், நிர்வாகி உரிமையோடு இருக்க வேண்டும். அறிமுக வகுப்பு எடுப்பவர்தான் பாடமும் எடுப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் பெரிதாகக் காட்டும் கூகுள் விளம்பரச் சான்றிதழுக்குப் பணமே தேவையில்லை, கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் பாடமும் தேர்வும் இலவசம். ஜிஏ4 பழக மாதிரிக் கணக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

25,000 கட்டி ஏமாந்த வேறு யாராவது இருந்தால் பணம் கட்டிய ரசீதையும் அறிமுக வகுப்பின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அழித்துவிடாதீர்கள். வங்கி என்னிடம் முதலில் கேட்டது அவற்றைத்தான்.