வாய் திறக்காதவருக்கும் வாங்கில் இடம் உள்ள தேத்தண்ணிக் கடை

திருகோணமலையில் நல்ல தேத்தண்ணி எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு கடை சொல்வார்கள். நான் சொல்லப்போகும் கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. டச்சுக்குடாப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முனையில் இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் இரண்டு நீள வாங்கு (பெஞ்சு), உள்ளே நான்கு மேசை, அவ்வளவுதான். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். காலை ஐந்தரைக்குத் திறந்து பத்தரைக்கு மூடுகிறார்கள், பிறகு பின்னேரம் நாலு மணிக்குத் திறந்தால் இருட்டும்வரை.

முதலில் வாய்க்குப் போகிறதைச் சொல்லிவிடுகிறேன். இஞ்சி போட்ட பிளேன்டீ 50 ரூபாய். இஞ்சியை அப்போதைக்கப்போது தட்டிப் போடுகிறார்கள், அதனால் கடைசி மிடறில் தொண்டையில் ஒரு எரிவு நிற்கும், அது எனக்குப் பிடிக்கும். சீனியைத் தனியாகக் கேட்டால் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கிற அளவுக்குத் தருவார்கள். பால் தேத்தண்ணி 120. எனக்கு அது தித்திப்பு அதிகம், சொன்னால் குறைத்துப் போடுவார்கள். பருப்பு வடை மொறுமொறுப்பு, ஆனால் எட்டரைக்குப் பிறகு போனால் கிடைக்காது. ரோல்ஸ் வெளியிலிருந்து எடுக்கிறார்கள், வேண்டாம். மான்கள் வரும். கோட்டைப் பக்கம் திரிகிற அதே மான்கள்தான், வாழைப்பழத் தோலுக்காக வாங்கு வரைக்கும் வந்து நிற்கும். தயவுசெய்து சாப்பாடு சுற்றிய பொலித்தீனோடு எதையும் அவற்றுக்குப் போடாதீர்கள்.

தேத்தண்ணிக்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நான்கு வருடமாக இங்கே போகிறேன். அதில் முதல் ஒன்றரை வருடம் "ஒரு பிளேன்டீ" என்பதைத் தவிர நான் வேறு எதுவும் சொன்னதில்லை. ஒருவரும் அதை ஒரு குறையாகப் பார்க்கவில்லை, ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்கவும் இல்லை. இப்படி ஒரு கடை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வாங்குகளில் காலையில் நடப்பது பெரிய கதை. கடற்றொழிலுக்குப் போய்த் திரும்பியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், ஓட்டோக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்து போவது சுலபமாகிவிட்டது, அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேரும் வழமையாக வருவார்கள். மண்ணெண்ணெய் விலை, கரைவலைக்கு எந்தப் பக்கம் மீன் பட்டது, யாருடைய பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பீடம் கிடைத்தது, எல்லாம் இங்கே அலசப்படும். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினேழு பேர். மூன்று பேர் விடாமல் கதைத்தார்கள், நான்கு பேர் இடையிடையே ஒரு சொல் போட்டார்கள். மற்றப் பத்துப் பேரும் கண்ணாடிக் கிளாசைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், பேப்பரின் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்துகொண்டு கேட்டார்கள்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நான் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படித்தவன். இணையத்தில் கூடிக் கதைக்கிற குழுக்களைப் பற்றி அப்போது கொஞ்சம் வாசித்திருந்தேன். இணையத்தளங்களை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார்: நூறு பேர் இருக்கும் இடத்தில் 90 பேர் வாசிக்க மட்டும் வருகிறார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒரே ஒருவர்தான் பெரும்பாலானதை எழுதுகிறார். எல்லா இடத்துக்கும் அச்சொட்டாகப் பொருந்துகிற கணக்கு இல்லை, எங்கள் வாங்கில் கதைப்பவர்கள் அதைவிட அதிகம். ஆனால் சாயல் அதுதான். இப்படி வாசித்துவிட்டுப் போகிறவரை ஆங்கிலத்தில் 'லர்க்கர்' என்பார்கள், பதுங்கியிருப்பவர் என்கிற மாதிரி ஒரு சொல். எனக்கு அந்தச் சொல் சுத்தமாகப் பிடிக்காது. பதுங்குகிறவன் எதையோ பறிக்கக் காத்திருக்கிறவன். வாங்கின் ஓரத்தில் இருக்கிறவர் எதையும் பறிக்கவில்லை, தன் தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இணையத்தில் ஏன் பேசுவதில்லை என்று அந்த ஆட்களிடமே கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெனி பிரீஸ், பிளேர் நொனெக்கி என்ற இரண்டு ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எழுதாமல் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னது, வாசிப்பதே தங்களுக்குப் போதுமாக இருக்கிறது என்று. தேவை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பத்தில் மூன்று பேர் அளவில், இந்தக் கூட்டத்தை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். கிட்டத்தட்ட அதே அளவானோர் கூச்சம் என்றார்கள். சொல்வதற்குத் தங்களிடம் ஒன்றும் இல்லை என்றவர்களும் உண்டு. ஒன்றும் எழுதாமல் இருந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் குறையும், அது ஒரு உதவிதானே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். இந்தக் கடைசிக் காரணத்தை வாசித்தபோது ஆச்சரியப்பட்டேன். பிறகு ஒருநாள் கடைக்கார ஐயாவிடம், இவ்வளவு பேர் கதைக்காமல் இருக்கிறார்களே, உங்களுக்கு ஒன்றும் தோன்றாதா என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே, "எல்லாரும் கதைச்சா ஆர் தம்பி கேக்கிறது?" என்றார்.

கூச்சத்தைப் பற்றி நானே சொல்லலாம். பதினாறு வயதில், ஒரு பயிற்சி வகுப்பில் கையை உயர்த்தி ஒரு சந்தேகம் கேட்டேன். "இது கூடத் தெரியாதா?" என்றார் படிப்பித்தவர், வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க நான் அங்கே எதையும் கேட்கவில்லை, எனக்குத் தெரியாதவை மட்டும் கூடிக்கொண்டே போயின. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை மூட ஒரு சிரிப்புப் போதும், திறக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடையில் அப்படிச் சிரிப்பது நடக்காது என்று நான் துணிந்து சொல்வேன். நடக்கப் பார்த்தால் ஐயா விடமாட்டார். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், ஓரமாக இருந்த பொடியனைப் பார்த்து, "என்ன தம்பி, வாயில கொழுக்கட்டையா?" என்று தொடங்கினார். ஐயா குரலை உயர்த்தவே இல்லை. "அவரை விடுங்கோ, அவர் தேத்தண்ணி குடிக்க வந்தவர்" என்று சொல்லிவிட்டு அந்த வெளியூர்க்காரருக்கு முன்னால் ஒரு வடையை வைத்தார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்தப் பொடியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயது இருக்கும், மாமாவின் பைபர் படகில் கூடப் போகிறவன். எட்டு ஒன்பது மாதம் ஒரே மூலையில் இருந்தான். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை எப்படிப் பராமரிப்பது என்பதில் இங்கே வாரத்துக்கு ஒரு வாக்குவாதம் நடக்கும். எஞ்சினைப் பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லாருக்கும் தெரியும். கரைக்கு வருமுன் திரும்பவும் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் நின்றுவிடும், குளிர்ந்த எஞ்சினில் அது இலேசில் பற்றாது, அடுத்த நாள் கயிற்றை இழுத்து இழுத்துக் கை போய்விடும். இதைச் சொல்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் வராத ஒரு காலையில் புதிதாகப் படகு வாங்கிய ஒருவர் வந்து, காலையில் எஞ்சின் பிடிக்கவே இல்லை, பிளக்கை மாற்றியும் சரிவரவில்லை என்று புலம்பினார். வழமையாகக் கதைக்கும் மூவரும் பிளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நேற்று நிப்பாட்டேக்க பெற்றோலுக்கு மாத்தினீங்களா அண்ணே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொடியன் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான், காது இரண்டும் சிவந்து போயிருந்தன. கைதட்டவில்லை, அடடா பேசிட்டானே என்று யாரும் சொல்லவில்லை. வாங்கின் நடுவில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். ஒன்பது மாதமாக அவன் சும்மா இருந்தான் என்று இனி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எஞ்சின், வலை, அரசியல் என்றால் அதே மூன்று பேர்தான். நோய், வருத்தம் என்று வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில், யாருடைய வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கிளினிக் எந்த நாள், இரத்தத் தட்டு எவ்வளவு குறைந்தது என்று பேச்சு வரும்போது, மாதக்கணக்காக வாய் திறக்காதவரும் "எங்கட மகளுக்கும் இப்படித்தான்" என்று தொடங்குவார். பிரீஸும் நொனெக்கியும் 2000இல் எண்ணிப் பார்த்ததிலும் இதுதான் தெரிகிறது. நோய் பற்றிப் பேசும் இணையக் குழுக்களில் எழுதாமல் இருந்தவர்கள் சராசரியாக 45.5 சதவீதம், கணினி மென்பொருளுக்கு உதவி கேட்கும் குழுக்களில் 82 சதவீதம். தெரிந்தவன் என்று காட்ட வேண்டிய இடத்தில் தயங்குகிற ஆள், தன்னைப்போல நொந்தவரைக் கண்டால் தயங்குவதில்லை என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது, அது எந்த ஆய்விலும் வராது. இங்கே நாற்பது வயதைத் தாண்டிய யாரும் தேத்தண்ணிக் கடையில் வாயைக் கட்டிப் பழகியவர்கள்தான். பக்கத்தில் இருப்பவர் யார், அவர் கேட்பதை எங்கே கொண்டுபோவார் என்று தெரியாத காலம் அது. சண்டை 2009இல் முடிந்தது, அந்தப் பழக்கம் முடியவில்லை. என் அப்பா இன்றைக்கும் கடையில் சுவரோடு முதுகை வைத்துத்தான் இருப்பார், வாசலைப் பார்த்தபடி. அவரை ஏன் நாலு பேரோடு கதைப்பதில்லை என்று கேட்பதற்கு எனக்கு மனம் வராது. மௌனம் சம்மதம் என்ற பேச்சும் இங்கே செல்லாது. சுவரோரம் இருக்கிற எத்தனையோ பேர் கதைக்கிறவர் சொல்வதை ஒத்துக்கொள்வதில்லை, எழுந்து போகும்போது அவர்களுடைய முகத்தில் தெரியும்.

சரி, குறைகள். புகை பிடிக்கிறவர்கள் வேப்பமரத்தடியில் நிற்பார்கள், காற்று உள்ளே அடித்தால் கண் எரியும். கழிவறை இல்லை. வாடைக் காலத்தில் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கதைக்கிற அந்த மூவரில் ஒருவருக்கு எல்லாவற்றிலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும். அவர் இருக்கும் நாட்களில் இடையிடையே ஒரு சொல் போடுகிற நான்கு பேரும்கூடச் சுருங்கிவிடுகிறார்கள். அவரை யாராவது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் நல்லது.

பெரிய குறை, பெண்கள் யாரும் வாங்கில் இருப்பதில்லை. இருக்கக்கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை, ஆனால் பதினேழு ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் யார் வந்து இருப்பார்கள்? பின்னேரங்களில் ஒரு அம்மா வருவார், பக்கத்தில் தையல் வேலை செய்கிறவர், கையில் சிவப்பு மூடி போட்ட சுடுதண்ணிப் போத்தல். மூன்று பால் தேத்தண்ணி. போத்தலை நிரப்ப இரண்டு நிமிடம் போதும். அவர் வந்தால் ஐயா முதலில் கிளாஸ்களைக் கழுவுவார், பிறகு பால் சட்டியைத் துடைப்பார், பிறகு வடிகட்டித் துணியைப் பிழிந்து திரும்பவும் கட்டுவார். அந்த அம்மா அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார், காது முழுக்க வாங்கில் இருக்கும். அங்கே கதை ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் போத்தலின் மூடி திருகப்படும். இதைக் கவனிக்க எனக்கே பல மாதம் எடுத்தது, ஐயாவிடம் கேட்டால் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கிறார்.

போன மாதம் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்திருக்கிறது, நீலம், புதிது. யாருக்கென்று ஐயா சொல்லவில்லை, ஆம்பிளைகள் யாராவது இழுத்தால் "அது வேண்டாம், வாங்கில இருங்கோ" என்கிறார். முந்தநாள் பின்னேரம் அந்த அம்மா வந்தார். கதிரையைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். இருக்கவில்லை. சிவப்பு மூடிப் போத்தலை அதில் வைத்துவிட்டு, ஒரு கையால் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.